கொழும்பில் மருத்துவ, உயிர்விஞ்ஞான மையம் அமைப்பது எப்படி: பின்வாசலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பொரளைப் பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை, நாலைந்து சிறு குழுக்கள் பங்கிட்டுப் பாவிக்கும் ஆய்வுகூட மையமாக மாற்றும் வேலையில் முதல் நாளிலிருந்து நின்றவன் நான். அதற்குப் பிறகு, இதே எண்ணத்தோடு வந்த வேறு சிலரோடும் இடம் பார்க்கப் போயிருக்கிறேன், கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனேகமாக எல்லோரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் நல்ல முகவரி, பிறகு இயந்திரம், கடைசியில் மின்சாரமும் கழிவும். அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மையம் என்று இங்கே நான் சொல்வது ஒரு கட்டடம், கூடிப்போனால் அடுத்தடுத்து இரண்டு. அதற்குள் ஒரு நோயறி ஆய்வுகூடம், ஓரிரு ஆராய்ச்சிக் குழுக்கள், மருத்துவ உபகரணம் கொண்டுவரும் ஒரு கம்பனி, மருந்துப் பரிசோதனைகளை நடத்தும் ஓர் அலுவலகம். நகர அளவில் பெரிய திட்டம் வந்தாலும் அது இப்படியான கட்டடங்கள் பத்துச் சேர்ந்ததுதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விடயங்கள் இல்லாமல் தரகரோடு பேசக்கூடப் போகாதீர்கள்.

வாடகை கட்டச் சம்மதித்துக் கையெழுத்திட்ட ஒரு குழுவாவது வேண்டும். "வருவோம் அண்ணை, நீங்கள் திறவுங்கோ" என்ற வாக்கை வைத்துக் கட்டடம் எடுக்கக்கூடாது. வருமானம் இல்லாமல் ஓராண்டு வாடகை கட்டும் அளவுக்குக் காசு வேண்டும். அனுமதிகள் வந்து முடியும்வரை கதவு திறக்காது, ஆனால் வாடகை ஓடும். சிங்களத்தில் அலுவலகக் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். சட்டப்படி தமிழிலும் எழுதலாம், நானும் எழுதியிருக்கிறேன்; பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களைக் கணக்கிட்டுக்கொண்டு எழுதுங்கள். நாலாவது, எந்த அறையில் என்ன நடக்கும் என்று கையால் கீறிய ஒரு படம். வடிவாக இருக்கத் தேவையில்லை.

1. யார் யார் உள்ளே இருப்பார்கள் என்று எழுதுங்கள்

முதல் வேலை இதுதான். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு சட்டத்தின் கீழ் வருகிறது. யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் அனுமதிகளும் அறைகளும் மாறும்.

நோயாளரின் இரத்தம் எடுத்து அறிக்கை கொடுக்கும் ஆய்வுகூடம் என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம். மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் வழியாக விண்ணப்பித்து, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிய வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மருந்தோ மருத்துவ உபகரணமோ கொண்டுவருகிறவர்கள், செய்கிறவர்கள், விற்கிறவர்கள் என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. வாயில் வருவது என்.எம்.ஆர்.ஏ. என்ற பெயர்தான். எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று உள்ளே வந்தால் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டமும் கூடவே வரும்.

நோயாளர் வராத, வெறும் ஆராய்ச்சி மட்டும் செய்யும் குழுவுக்கு இவற்றில் பல பொருந்தாது. அதனால்தான் அவர்களுக்குத் தனிக் கதவு, தனி மாடி கொடுக்கச் சொல்கிறேன். நோயறி ஆய்வுகூடத்தைப் பார்க்க வரும் அதிகாரி, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதே குளிர்சாதனப் பெட்டியில் எலித் திசு வைத்திருப்பதைக் கண்டால் கேள்வி உங்களைத் தேடித்தான் வரும்.

வழமையான பிழை: "எல்லாருக்கும் பொதுவான லாப்" என்று ஒன்றைக் கட்டுவது. பிறகு அது எந்தப் பதிவுக்குள்ளும் அடங்காது.

2. பின்வாசல்: கழிவு எங்கே போகும்?

இடம் பார்ப்பதற்கு முன்பே இதைத் தீர்க்க வேண்டும். தொற்றுக் கழிவை உண்டாக்கும் மருத்துவ ஆய்வுகூடங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பார்வைக்குள் வருகின்றன. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும், அட்டவணைப்படுத்திய கழிவுக்கான, அதாவது ஆபத்தானதென்று பட்டியலிட்ட கழிவுக்கான, அனுமதியும் கேட்பார்கள். அந்த விண்ணப்பத்தில் உங்கள் கழிவைக் கடைசியாக யார் எரிக்கிறார் அல்லது அழிக்கிறார் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியை நிரப்ப முடியாமல் மாதக்கணக்காக நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே முதலில் அனுமதி பெற்ற ஒரு கழிவு சேகரிப்பு நிறுவனத்தோடு பேசி, விலையும் நாளும் எழுத்தில் வாங்குங்கள். கிலோவுக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை தரம், எத்தனை மணிக்கு லொறி வரும். மணி முக்கியம். காலை எட்டு மணிக்கு வோட் பிளேஸ் பக்கம் லொறி நிறுத்த முயன்று பாருங்கள், ஏன் என்று விளங்கும்.

பிறகு உள்ளே நிறங்கள். இலங்கையில் சுகாதாரக் கழிவுக்கு ஒரு நிற ஒழுங்கு இருக்கிறது: தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், ஊசி போன்ற கூரானவைக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, பொதுக் குப்பைக்குக் கறுப்பு, உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள். மையத்தில் எத்தனை குழு இருந்தாலும் ஒரே ஒழுங்குதான் என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு குழு வெளிநாட்டில் பழகிய நிறத்தையும் இன்னொரு குழு இங்கத்தைய நிறத்தையும் பாவித்தால், துப்புரவு செய்யும் அக்காவின் கையில்தான் ஊசி குத்தும்.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கலம், போடும் பையன் ஒருநாள் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தான். குளோரின் கரைசலில் ஊறிய பஞ்சுப் பையை யாரோ தொற்றுக் கழிவோடு சேர்த்து உள்ளே வைத்திருக்கிறார்கள். சூடேறியதும் அது நச்சு வாயுவாகிவிட்டது. அன்று கதவுகள் திறந்திருந்தபடியால் தப்பினோம். அதற்குப் பிறகு ஒட்டோகிளேவ் அறைக் கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினோம்: குளோரின், ஃபோமலின், சைலீன் பட்ட எதுவும் இதற்குள் போகாது.

ஒட்டோகிளேவுக்கு 121 பாகை செல்சியஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிருமி வளர்க்கும் ஊடகத்துக்குப் போடும் 15 நிமிடத்தைக் கழிவுப் பைக்கும் போடுகிறார்கள். இறுக்கிக் கட்டிய பையின் நடுவுக்கு நீராவி போய்ச் சேர அது போதாது. பையின் வாயைத் தளர்வாக விட்டு, அரை மணிக்கு மேல் வைத்து, அந்த நேரம் போதுமா என்பதை வெப்பம் தாங்கும் பற்றீரியா வித்து அடங்கிய சோதனைக் குப்பியால் உறுதிப்படுத்துங்கள். சூட்டுக்கு நிறம் மாறும் தாளை மட்டும் நம்ப வேண்டாம்; சூடு பட்டது என்று அது சொல்லும், கிருமி செத்ததென்று சொல்லாது.

கழுவுதொட்டியும் ஒரு பின்வாசல்தான். கொழும்பு மாநகரத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகின்றன. பொரளையில் தொட்டிக்குள் ஊற்றுவது கடைசியில் அங்கேதான். சாயக் கரைசல், கரைப்பான் எதையும் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்க்க இடம் ஒதுக்குங்கள். ஹோமாகம போன்ற இடங்களில் மாநகரக் குழாய் கிடையாது. நீங்களே சுத்திகரிப்பு அமைக்க வேண்டும், அதற்கு நிலமும் வேண்டும்.

3. இடம்: கிட்ட இருப்பதா, விரிவாக இருப்பதா

இப்போதுதான் தரகரைக் கூப்பிடலாம். கொழும்பில் உண்மையாக இரண்டு தெரிவுகள்.

ஒன்று, கொழும்பு 7, 8, 10 சந்திக்கும் வட்டாரம். தேசிய வைத்தியசாலை, லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, கின்சி வீதியில் மருத்துவ பீடம், நொரிஸ் கெனல் வீதியில் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம், பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் நடந்து போகும் தூரத்திலோ ஓட்டோவில் பத்து நிமிடத்திலோ இருக்கின்றன. நோயாளர் மாதிரியும் விசேட வைத்தியரின் நேரமும் தேவைப்படும் வேலைக்கு இதுதான் இடம். ஒரு நுண்ணுயிரியல் நிபுணர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கிருமி வளர்த்த தட்டைப் பார்த்துவிட்டுப் போவார். ஹோமாகமவுக்கு வரமாட்டார்.

மற்றது ஹோமாகம, பிட்டிபன பக்கம். நனோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் அங்கே இருக்கிறது, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. நிலம் மலிவு, லொறி திரும்ப இடம் உண்டு. உற்பத்தி, பொருள் விஞ்ஞானம், நோயாளர் தேவைப்படாத ஆராய்ச்சி என்றால் அங்கே போங்கள். ஆட்கள் 138 பஸ்ஸிலோ களனிவெளி ரயிலிலோ வரலாம். ஆனால் ஹைலெவல் வீதியில் மாலை ஐந்து மணிக்கு இரத்த மாதிரியோடு நிற்பது எப்படி என்பதை ஒருதரம் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையோடு வேலை செய்யும் புற்றுநோய்க் குழு என்றால் கணக்கு மாறும். அவர்களுக்கு அந்த வீதியே வசதி.

இரண்டையும் ஒரே கட்டடத்தில் செய்ய முயலாதீர்கள். நகரத்துக்குள் சிறிய இடம், வெளியே பெரிய இடம் என்று பிரித்தவர்கள் நன்றாக ஓடுகிறார்கள்.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவும் ஒரு விளக்கும் எடுத்துப் போங்கள். பார்க்க வேண்டியவை:

லிப்டின் கதவு. மறை 80 பாகையில் இயங்கும் ஆழ்குளிர்ப் பெட்டி ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரம், 300 கிலோ அளவில் பாரம். அதைச் சரித்துக் கொண்டுபோகக் கூடாது. சரித்தால் கம்பிரசரின் எண்ணெய் இடம் மாறிவிடும், பிறகு ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஆளியைப் போடலாம். எங்கள் முதலாவது பெட்டி லிப்டுக்குள் இரண்டு விரற்கடை உயரத்தால் போகவில்லை. எட்டுப் பேர் படியால் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரை உடைக்க வேண்டி வந்தது, அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

தரை தாங்குமா. கொழும்பு 7இல் அழகான பழைய வீடுகள் வாடகைக்கு வரும். மேல்மாடி பலகை என்றால் அழகை மறந்துவிடுங்கள்.

வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் மூழ்கியது. அந்தப் பக்கம் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எந்தப் பக்கமாக இருந்தாலும் முன்னால் உள்ள கடைக்காரரிடம் கேளுங்கள், "மழைக்கு ரோட்டில் தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்று. அவர் முழங்காலைக் காட்டினால் மின்பிறப்பாக்கியை நிலத்தில் வைக்க முடியாது.

காணியின் பாவனை. வதிவிடமாகப் பதிந்த வீட்டை ஆய்வுகூடமாக்க, பாவனை மாற்ற அனுமதி வேண்டும். சொந்தக்காரர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை தம்பி" என்பார். அவருக்குப் பிரச்சினை இல்லைத்தான். மாநகரசபையில் வீதிக்கோட்டுச் சான்று, உரிமைச் சான்று, அங்கீகரித்த கட்டடப் படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் சேர்த்துக் கட்டிய பகுதி படத்தில் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு வாடகை பேசாதீர்கள்.

முற்பணம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்: இன்ன திகதிக்குள் பாவனை மாற்ற அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பி வரும். இந்த வரிக்குச் சம்மதிக்காத சொந்தக்காரரிடம் எடுக்காமல் விடுவதே நல்லது.

4. மின்சாரம்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது கடந்துபோன கதை என்று நினைத்தவர்களுக்கு 2025 பெப்ரவரி 9 வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் நேரம், முழுநாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள். எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். குளிர்ப்பெட்டிக்குள் ஐந்து வருட மாதிரி வைத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.

மின்சாரத்தை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒரு கணம்கூட நிற்கக் கூடாதவை: பகுப்பாய்வு இயந்திரங்கள், டி.என்.ஏ.யைப் பெருக்கும் பீ.சி.ஆர். இயந்திரம், கணினி. இவற்றுக்கு யூ.பி.எஸ். கரண்ட் போனால் பாதி ஓடிய பீ.சி.ஆர். தட்டை மீண்டும் தொடக்கத்திலிருந்துதான் ஓட்ட வேண்டும். மாதிரி குறைவாக இருந்தால் அதுவும் முடியாது.

சில நிமிடம் பொறுப்பவை: குளிர்ப்பெட்டிகள், உயிர்ப்பாதுகாப்புக் கபினெட் (கிருமி வெளியே வராமல் காற்றோட்டத்தால் தடுக்கும் வேலைப் பெட்டி), காற்றோட்டம். இவற்றுக்கு மின்பிறப்பாக்கி. ஆழ்குளிர்ப் பெட்டியைச் சிறிய யூ.பி.எஸ்ஸில் செருகாதீர்கள். கம்பிரசர் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது.

போனால் போகட்டும் என்பவை: அலுவலக ஏசி, தேநீர் கேத்தல். இவற்றை மின்பிறப்பாக்கி இணைப்பில் இருந்து எடுத்துவிடுங்கள்.

புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் மின்பிறப்பாக்கி எழும்பும் அந்தக் கணத்தில் ஐந்து குளிர்ப்பெட்டியும் ஒரே நேரத்தில் கம்பிரசரைத் தொடங்கும். ஓடும்போது தாங்கும் என்று கணக்குப் பார்த்து வாங்கிய மின்பிறப்பாக்கி, தொடக்கத்தில் மூச்சுத் திணறி நிற்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றரை நிமிடம், மூன்று நிமிடம் என்று தாமதம் வைத்துத் தொடக்கும் கருவி பொருத்துங்கள். பெரிய மின்பிறப்பாக்கி வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

குளிர்ப்பெட்டி வெளியே விடும் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு பெட்டி நாளுக்கு 15 அலகு மின்சாரம் எடுக்கிறது என்று வையுங்கள். அது முழுவதும் அறைக்குள் வெப்பமாகத்தான் வரும். பத்துப் பெட்டி என்றால் இடைவிடாமல் 6 கிலோவாற்றுக்குச் சற்று மேல். அதை எடுக்க மட்டும் இரண்டு தொன் ஏசி வேண்டும். ஏசி இல்லாத களஞ்சிய அறையில் பெட்டிகளை அடுக்கினால், கொழும்பு ஏப்ரல் வெயிலில் அவை ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டே இருக்கும். முதல் கோடையிலேயே கம்பிரசர் போகும்.

வெப்பநிலை எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும்படி செய்யுங்கள். ஒருவருக்கு மட்டுமல்ல, மூவருக்கு. அதில் ஒருவர் மையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நீர்கொழும்பில் இருந்து ஒருவர் எச்சரிக்கையைப் பார்த்து என்ன செய்வது?

டீசல் எவ்வளவு கையிருப்பில் வைக்கலாம் என்பதைத் தீயணைப்புப் பிரிவிடம் கேட்டே முடிவெடுங்கள். 2022 எரிபொருள் வரிசைகளின் பயத்தில் சிலர் மாடிப்படிக்குக் கீழே பீப்பாய்களை ஒளித்து வைத்தார்கள். அது சட்டப்பிழை மட்டுமல்ல, படி ஒன்றுதான் வெளியே போகும் வழியாகவும் இருந்தது.

5. அறைகளும் காற்றும்

பீ.சி.ஆர். செய்வதென்றால் ஒரே திசையில் போகும் வழி வேண்டும். வினைபொருள் (பரிசோதனைக்குச் சேர்க்கும் இரசாயனம்) கலக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, பெருக்கும் அறை. பெருக்கிய டி.என்.ஏ. பின்னால் திரும்பி முதல் அறைக்குள் வந்தால், அதற்குப் பிறகு எல்லா மாதிரியும் நேர்மறை காட்டும். மூன்று அறைக்கும் தனித்தனி மேலங்கி, துளி அளந்து விடும் தனித்தனி பிப்பெற். மூன்று அறைக்கும் ஒரே குழாயில் ஏசி போட்டால் அறை பிரித்ததில் பயனில்லை, காற்று எல்லாவற்றையும் கொண்டு திரியும்.

உயிர்ப்பாதுகாப்புக் கபினெட்டின் முகப்பில் காற்று விநாடிக்கு அரை மீற்றர் அளவில்தான் உள்ளே போகிறது. பக்கத்தால் ஒருவர் விரைந்து நடந்தாலே அந்தத் திரை குலையும். எனவே கதவுக்கு நேரே வேண்டாம், ஏசி வாய்க்குக் கீழே வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கொழும்பில் எந்த அறையிலும் கூரையில் விசிறி இருக்கும், புழுக்கத்தில் யாராவது போட்டுவிடுவார்கள். அந்த அறையில் விசிறியைக் கழற்றிவிடுங்கள்.

கபினெட்டை இடம் மாற்றினாலும், ஆண்டுக்கு ஒருதரமும் வடிகட்டியைச் சோதித்துச் சான்று எடுக்க வேண்டும். வாங்கும்போதே அதைச் சோதிக்கும் ஆள் நாட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

6. காகித வரிசை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வரிசையைப் பிடித்தால் போதும். முதலில் கம்பனி: 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்திலேயே பதியலாம். அடுத்தது வரி இலக்கமும் வங்கிக் கணக்கும். பிறகு பாவனை மாற்றமும் கட்டட அனுமதியும், தீயணைப்புச் சான்று, சுற்றாடல் அனுமதி, மாநகரசபை வியாபார அனுமதி, கடைசியாக ஒழுங்குபடுத்தல் பேரவைப் பதிவு.

இந்த வரிசைக்குக் காரணம், ஒவ்வொன்றும் முந்தியதன் பிரதியைக் கேட்கும். கம்பனியின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் பதிந்த பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் எப்படி எழுதுவது என்று முதல் நாளே தீர்மானித்து ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

முதலீட்டுச் சபை வழியாகப் போகும் அளவுக்கு முதலீடு பெரியதென்றால், மேலே சொன்னது எதையும் தொடங்குமுன் அங்கே போய்ப் பேசுங்கள். பாதி வழியில் போனால் இறக்குமதிச் சலுகை கிடைக்குமுன்பே இயந்திரம் துறைமுகத்தில் நிற்கும்.

7. இயந்திரமும் வினைபொருளும்

இரண்டு வழி உண்டு: காசு கொடுத்து வாங்குவது, அல்லது முகவர் இயந்திரத்தைச் சும்மா வைத்துவிட்டு வினைபொருளை விற்பது. இரண்டாவது இனிப்பாகத் தெரியும். ஒப்பந்தத்தில் மாதத்துக்கு இத்தனை பரிசோதனைக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். விலை ரூபாவிலா டொலரிலா என்பதையும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலர் விலை ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் பரிசோதனைக்குப் பரிசோதனை நட்டப்பட்டார்கள்.

குளிரில் வரும் வினைபொருளைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் திங்களோ செவ்வாயோ வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கம்பனிக்கு நம் நாட்டுப் போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, தெரியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே போயா, சித்திரைப் புத்தாண்டு, வெசாக் எல்லாம் குறித்த நாட்காட்டியை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்த பெட்டியை நான் அடுத்த வாரம்தான் திறந்தேன். 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டியது. உள்ளே வைத்த பனிக்கட்டிப் பைகள் கையில் தண்ணீராகக் குலுங்கின.

எதனோலுக்கு மதுவரித் திணைக்கள அனுமதி தேவை என்பதைப் பலர் மேசை துடைக்கும்போதுதான் அறிகிறார்கள். முன்கூட்டியே எடுங்கள்.

8. ஆட்கள்

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், நாங்கள் எம்.எல்.ரி. என்போம், இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்தவராக இருக்க வேண்டும். நேர்முகத்தில் பட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதிவைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பேராதனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நல்ல பட்டதாரிகள் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கொழும்பில் அறை வாடகைதான் முதல் கவலை. சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டுவதைவிட வெள்ளவத்தையில் ஓர் அறை பார்த்துக் கொடுப்பது ஆளை நிலைக்க வைக்கும்.

இயந்திரங்களைப் பார்க்கும் ஒரு மின்தொழில்நுட்பவியலாளரை முழுநேரமாக எடுங்கள். பங்கிட்டுப் பாவிக்கும் மையத்தில் முதலாவது நியமனமே இவராக இருக்கலாம் என்பேன்.

9. மாதிரி, தரவு, சம்மதம்

நோயாளரின் மாதிரியை ஆராய்ச்சிக்கு எடுப்பதென்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. மருந்துப் பரிசோதனை என்றால் அதோடு என்.எம்.ஆர்.ஏ. அனுமதியும், இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும். முதல் ஆளைச் சேர்க்குமுன் பதிய வேண்டும்; பிறகு பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் கட்டுரையை எடுக்காது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. குழாயில் நோயாளரின் பெயரை எழுதும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள். இலக்கம் மட்டும் போதும். இலக்கத்துக்கும் பெயருக்குமான பட்டியல் வேறு அறையில், பூட்டில்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் போடும்போது ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்றாதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து பிள்ளையோடு வந்த ஒரு தாய், "மரபணு ஆய்வு" என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பிள்ளைக்குப் பரம்பரை வருத்தமா? நான் மனுசன்ர ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. பிறகு நாங்கள் மாற்றி எழுதினோம்: இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைப்போம், நோய் எப்படி வருகிறது என்று படிப்பதற்கு, இதனால் உங்கள் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று ஆகாது, வேண்டாம் என்றாலும் சிகிச்சை அப்படியே நடக்கும். எழுதியதை முதலில் மையத்தின் காவலாளிக்கும் தேநீர் போடும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினோம். அவர்களுக்கு விளங்கிய பிறகுதான் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம்.

10. பங்கிடும் விதிகளும் தரச்சான்றும்

சண்டை வருவது பெரிய இயந்திரத்தால் இல்லை, குளிர்ப்பெட்டித் தட்டால். ஒவ்வொரு தட்டுக்கும் பெயர், திகதி, மாத வாடகை. மூன்று மாதம் வாடகை வராத தட்டில் உள்ளவை என்னாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் படித்து முடித்து அவுஸ்திரேலியா போன மாணவரின் குழாய்களை நீங்கள் காலமெல்லாம் காப்பீர்கள்.

நோயறி ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 15189 அங்கீகாரம், சோதனை ஆய்வுகூடத்துக்கு 17025. இரண்டையும் இங்கே 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை அங்கீகாரச் சபை கொடுக்கிறது. திறந்தவுடன் விண்ணப்பிக்க முடியாது, ஓடிய பதிவுகள் வேண்டும். ஆனால் பதிவேடுகளை அந்தத் தரத்தின்படி முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்கலாம். முதலில் எல்லாப் பரிசோதனைக்கும் கேட்காமல், அதிகம் ஓடும் ஏழெட்டுக்கு மட்டும் கேளுங்கள்.

11. திறப்பதற்கு முந்திய இரண்டு வாரம்

நாடா வெட்டுவதற்கு முன், நோயாளர் மாதிரி ஒன்றும் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். குழாய்களில் சாயத் தண்ணீர் போதும். வாசலில் வாங்கி, இலக்கமிட்டு, அறை அறையாகக் கொண்டுபோய், அறிக்கை அச்சிட்டு, மஞ்சள் பையில் போட்டு, ஒட்டோகிளேவில் வைத்து, லொறியில் ஏற்றும்வரை.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒருநாள், யாருக்கும் சொல்லாமல், மாலை ஆறு மணிக்குப் பிரதான ஆளியை இறக்குங்கள். கையில் மணிக்கூட்டோடு நில்லுங்கள். நாங்கள் செய்தபோது மின்பிறப்பாக்கி சரியாக எழும்பியது, குளிர்ப்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின, மூன்று கைப்பேசியும் அடித்தன. பின்வாசல் கதவு மட்டும் திறக்கவில்லை. அதற்கு மின்பூட்டுப் போட்டிருந்தோம், அதை யாரும் மின்பிறப்பாக்கி இணைப்பில் சேர்க்கவில்லை. கழிவு லொறிக்காரர் வெளியே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்தக் கதவுக்கு ஒரு சாதாரண தாழ்ப்பாள் போட்டோம்.